மலர் மிச்சம் வைத்துப்போன பால்

தம்பி,

போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். பட்டாளத்தில் நீ இருக்கும் மலையில் சிக்னல் கிடைப்பதே அபூர்வம் என்பது எனக்குத் தெரியும். கிடைக்கிற நேரத்திலும் நாம் இருவரும் மழை பெய்ததா, கூமாப்பட்டித் தோப்பில் தேங்காய் வெட்டியாயிற்றா என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். பிள்ளையைக் காட்ட நான் போனைத் திருப்பினால் உன் பக்கத்துப் படம் அணைந்துபோகிறது. அது சிக்னலால் அணைவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஊரார் சொன்னதையெல்லாம் எழுதித் தேய்ந்த கை இது. சொந்த மகனுக்கு எழுத உட்கார்ந்தால் முதல் வரி வருவதற்குள் காலை வெயில் ஏறிவிட்டது.

உன் மதினி சாந்தி வந்து கேட்டதைப் போன வாரம் உன்னிடம் சொன்னேன். தன் தங்கச்சி மலர் போன பிறகு, தன் மகனுக்குக் கொடுக்கும் பாலை உன் மகளுக்கும் கொடுத்து இத்தனை நாளும் காப்பாற்றியவள் அவள்தான். அவளுடைய வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் மாற்றலாகிவிட்டது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே, "மாமா, எனக்கு ரெண்டும் பயலாப் போச்சு. இவளை எனக்கே குடுத்துருங்க. எம் புள்ளையாவே வளத்துருதேன்" என்று அழுதாள். மகனைக் கேட்காமல் நான் எப்படிச் சொல்வேன் என்றேன். உன்னிடம் கேட்டேன். "குடுத்துருங்கப்பா, அவிய வீட்டுலயாவது நல்லா இருக்கட்டும்" என்றாய். அவ்வளவுதான். அடுத்த வார்த்தையாகத் தோப்பைப் பற்றிக் கேட்டாய்.

உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மலரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்த அன்று, வாசலில் நின்று, "இது வந்துதானப்பா அவ போயிட்டா" என்று சொன்னாய். அதைச் சொன்ன வாய் எவ்வளவு நொந்திருந்தது என்று எனக்குத் தெரியும். நானும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த நாட்களில் மலர் என்ன செய்தாள் என்பதை உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும் நேரம் வாய்க்கவில்லை. பிறகு நீ கேட்கும் நிலையில் இல்லை. பிள்ளையைக் கொடு என்பதோ கொடுக்காதே என்பதோ, அதைத் தெரிந்துகொண்ட பிறகு சொல்.

உன் லீவுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. சாந்தியும் நானும் காரில் அவளை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனோம். வலிக்கு நடுவிலும், பள்ளிக்கூடத்தில் அறிவியல் பேப்பர் திருத்தாமல் கிடக்கிறது, பிள்ளைகள் சந்தோஷப்படும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் வெகு நேரம் பார்த்தார்கள். குழந்தையின் நாடித்துடிப்பு இறங்குகிறது, இனிக் காத்திருக்க முடியாது என்றார்கள். ஆபரேஷனுக்கு உன் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். உன் மகள் பிறந்தபோது அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மூச்சு சரியாக விடவில்லை என்று, துணியில் சுற்றி, என்னைத் தாண்டி மாடிக்கு ஓடினார்கள். ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. என் கட்டைவிரல் அளவு இருக்கும் அந்தப் பாதம்.

மறுநாள் குழந்தை டாக்டரம்மா மலரின் கட்டிலுக்கு வந்தார்கள். மலர் கேட்ட முதல் கேள்வியே, ஆபரேஷனில் பிறந்ததால் பிள்ளைக்கு என்ன குறையும் என்பதுதான். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்கள். "சுகப்பிரசவத்துல பிள்ளை வெளிய வர்றப்பவே அம்மா உடம்புல இருக்கற நல்ல கிருமிகளை வாங்கிக்கிட்டு வருது. அதுங்கதான் மொதல்ல குடல்ல குடியேறும். பால் செரிக்கறதுக்கும் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி வர்றதுக்கும் அதுங்க வேணும். ஆபரேஷன்ல அந்த வழி இல்லாமப் போயிடுது. ஆஸ்பத்திரியில இருக்கற கிருமிகள் முந்திக்கும். மூச்சுக்காக நாங்க ஆன்டிபயாடிக் வேற போட்டிருக்கோம். அது கெட்டதோட நல்லதையும் கொல்லும்." மலர் உடனே, "அப்ப அதைத் திருப்பிக் குடுக்க என்ன செய்யணும் மேடம்?" என்றாள். ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நின்று கேட்பது போல இருந்தது.

அவள் போனில் எதையோ பார்த்து வைத்திருந்தாள். தாயின் பிறப்புப் பாதையில் வைத்தெடுத்த துணியைக் கொண்டு பிள்ளையின் வாயிலும் மேனியிலும் துடைப்பார்களாமே என்று. என் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு, நான் வெளியே போன பிறகு கேட்டிருக்கிறாள். சாந்திதான் பிறகு சொன்னாள். டாக்டரம்மா அதற்குக் கண்டிப்பாக மாட்டேன் என்றார்களாம். அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, நல்ல கிருமியோடு நோய்க் கிருமியும் போய்விடலாம், அதுவும் இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு வேண்டாம் என்றார்களாம். "உங்ககிட்ட இருக்கற மருந்து தாய்ப்பால்தான். அதுல நல்ல கிருமியும் இருக்கு, அதுங்களுக்கான சாப்பாடும் இருக்கு. அப்புறம் பிள்ளையை நெஞ்சுல தோலோட தோல் சேத்து வச்சுக்குங்க. அதுக்கு மேல நான் எதையும் சத்தியம் பண்ண மாட்டேன்" என்று எழுந்துவிட்டார்களாம்.

அன்று சாயங்காலம் நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன், நம் தெருவில் கழுதைப்பால் வரும், ஒரு சங்கு கொடுத்தால் என்ன என்று. உனக்கு உன் அம்மா கொடுத்திருக்கிறாள். "மாமா, கழுதைப்பால் கழுதைக்குட்டிக்குத்தான். எம் மகளுக்கு எதுக்கு?" என்றாள் மலர். உனக்குக் கொடுத்ததைச் சொன்னேன். "அதான் உங்க மகன் சொன்ன பேச்சுக் கேக்காம நின்ன இடத்துலயே நிக்காரா?" என்றாள். சொல்லிவிட்டுத் தையல் வலிக்க வலிக்க, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

பால் லேசில் வரவில்லை. சாந்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, நர்ஸம்மா கையால் அழுத்திக் காட்ட, வெகு நேரம் கழித்துச் சில சொட்டுகள் வந்தன. மஞ்சளாக, கெட்டியாக. அதை ஊசிபோடும் சிரிஞ்சில் உறிஞ்சி என் கையில் கொடுத்தார்கள். மாடிக்குக் கொண்டுபோவதுதான் என் வேலை. கைதிகளுக்குக் காவல் போன காலத்தில்கூட நான் அவ்வளவு கவனமாக நடந்ததில்லை. மேலே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் அதை வாங்கி, பிள்ளையின் கன்னத்துக்குள் ஒரு சொட்டு வைப்பாள். உன் மகள் உதட்டைச் சப்புவாள். நான் கீழே ஓடிவந்து அதை மலரிடம் நடித்துக் காட்டுவேன். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும்.

ஒரு நாள் மத்தியானம் அவளைச் சக்கர நாற்காலியில் மேலே கூட்டிப்போனார்கள். பிள்ளையை அவள் நெஞ்சில் சாத்தி, மேலே ஒரு துணியைப் போர்த்தினார்கள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். கீழே வந்த பிறகு என்னிடம் சொன்னாள். "உங்க மகன்ட்ட சொல்லுங்க மாமா. வந்ததும் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு இவளை நெஞ்சுல போட்டுக்கிடணும். யூனிபார்ம் அதிகாரம்லாம் இவகிட்டச் செல்லாது." உன்னிடம் சொல்லச் சொன்னது இது. இத்தனை நாள் கழித்துச் சொல்கிறேன்.

அதற்கு மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு இப்படித் தொற்று வந்துவிடும் என்றார்கள். வைத்தியம் பார்க்கிறவர்கள் யாரும் சும்மா இருக்கவில்லை. மருந்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். காய்ச்சல் இறங்குவது போல இறங்கி மறுபடி ஏறியது. அதே நேரத்தில் மாடியில் உன் மகளுக்கு வயிறு வீங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குக் குடல் இப்படிக் கெட்டுப்போவது ஆபத்து என்று பாலை நிறுத்திவிட்டார்கள். கீழே ஒருத்தி, மேலே ஒருத்தி. நானும் சாந்தியும் மாடிப்படியில் எதிரெதிரே பார்த்துக்கொள்வோம். யார் முகத்தில் என்ன சேதி இருக்கிறது என்று முதலில் முகத்தைத்தான் படிப்போம்.

பிள்ளைக்குப் பால் நிறுத்தியதை மலரிடம் மறைக்கப் பார்த்தோம். முடியவில்லை. டாக்டரம்மாவை வரச் சொல்லிக் கேட்டாள். "வயிறு தணிஞ்சதும் மறுபடி ஆரம்பிப்போம். அப்ப மொதல்ல உள்ள போறது உங்க பாலா இருந்தா நல்லது" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், மலர் அதைப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவளுக்குப் போட்ட மருந்துகளோடு பால் எடுக்கலாமா என்று இரண்டு டாக்டர்களும் பேசி, எடுக்கலாம் என்றார்கள். காய்ச்சல் குளிரில் பல் கிட்டிக்கும்போது நிறுத்துவாள். குளிர் விட்டதும் அக்காளைக் கூப்பிடுவாள்.

சாந்தி ஒருமுறை கோபத்தில் கத்திவிட்டாள். "ஏட்டி, உன் ஒடம்பே தீயாக் கொதிக்கி. செத்த நேரம் படு. பாலு எங்கயும் ஓடிறாது." மலர் மெதுவாகச் சொன்னாள். "நின்னுரும்க்கா. அவளுக்கு நான் குடுக்க வேண்டியதை வாங்கவிடாமத்தானே வெளிய எடுத்துட்டாக. மிச்சத்தையாவது குடுத்துருதேன்." சாந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்கச்சியின் மாரைப் பிடித்துப் பால் எடுத்தாள். எடுத்ததையெல்லாம் மாடியில் ஃப்ரீசரில், மலரின் பெயர் எழுதி ஒட்டி வைத்தார்கள்.

பிள்ளைக்கு வயிறு தணிந்தது. மறுபடி சொட்டுச் சொட்டாக மலரின் பாலைத் தொடங்கினார்கள். குடல் ஏற்றுக்கொண்டது. அதை நான் கீழே வந்து சொன்னபோது மலருக்கு மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். பேச முடியவில்லை. என் விரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். பிடியில் பலமே இல்லை. ஆனாலும் விடவில்லை.

நீ மதுரையில் இறங்கி வந்துகொண்டிருந்தாய். கிருஷ்ணன்கோவில் தாண்டிவிட்டேன் என்று போன் செய்தபோது அவள் போய்ச் சற்று நேரம் ஆகியிருந்தது. "எப்படிப்பா இருக்கா?" என்று கேட்டாய். "வா" என்றேன். 

சுந்தரபாண்டியத்தில் நம் பூர்வீக வீட்டிலிருந்து அவளை எடுத்துப்போய், நீ கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தாயே, அந்த நேரத்தில் என் சட்டைப்பையில் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். நம் வீட்டில் நடந்தது அவளுக்கும் தெரியும். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "சார், உங்க மருமக பால் இன்னும் இருக்கு. பிள்ளைக்குக் குடுக்கலாமா? வீட்டுல யாரும் வேண்டாம்னு சொல்வாங்களோன்னு டாக்டர் கேக்கச் சொன்னாங்க." நான் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்தவளின் பாலைக் கொடுக்கலாமா என்று நம் ஆட்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. "குடும்மா. ஒரு சொட்டுக்கூட வீணாக்காதே" என்றேன்.

காடாற்றுக்குப் போய், அவள் சாம்பலில் நீ பால் ஊற்றினாய். அந்த நேரத்தில், ராஜபாளையத்தில், உன் மகள் அவள் பாலைக் குடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருப்பேன். உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. நீ ஒரு தடவை மாடிக்கு வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டு இறங்கினாய். லீவு முடிவதற்கு முன்பே கிளம்பிப் போனாய்.

அந்தப் பால் தீர்ந்த அன்று நர்ஸ் ஒரு மாதிரியாக நின்று என்னைப் பார்த்தாள். சாந்திதான், "எங்கிட்ட எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கோங்க" என்றாள். அவளுக்கு இரத்தப் பரிசோதனை எல்லாம் செய்து பார்த்த பிறகுதான் டாக்டரம்மா ஒத்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்து, "தோலோட தோல் வைக்கறதுக்கு அப்பா இல்லையா?" என்று கேட்டார்கள். வேலைக்குப் போய்விட்டான் என்றேன். "அப்ப நீங்க சட்டையைக் கழட்டுங்க" என்றார்கள். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, நரைத்த மயிரோடு இருக்கும் இந்த நெஞ்சில், உன் மகளை வாங்கிக்கொண்டேன். கோழிக்குஞ்சு போல ஒட்டிக்கொண்டாள். அவள் மூச்சு என் மேல் ஏறி இறங்கியது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இது என் இடமில்லை, உன் இடம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றியது. தோன்றினாலும் மறுநாளும் போய் உட்கார்ந்தேன்.

போன வாரம் காட்டப் போனபோது எடை நன்றாக ஏறியிருக்கிறது என்றார்கள். வயிற்றுக் கிருமிகள் ஒரு வயது தாண்டியும் மாறிக்கொண்டே வருமாம். ஆபரேஷனில் பிறந்த பிள்ளைகளும் தாய்ப்பாலில் மெல்ல மெல்ல மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்களாம். சளி, தும்மலுக்கெல்லாம் நாமாக ஆன்டிபயாடிக் வாங்கி ஊற்றக் கூடாது, நல்ல கிருமி என்று கடையில் விற்கும் பவுடர்களைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது, வீட்டு மனிதர்கள் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்றார்கள். எழுந்து வரும்போது நான் ஒன்று கேட்டேன். "மலருது இன்னும் ஏதாவது இவ வயித்துக்குள்ள இருக்குமாம்மா?" டாக்டரம்மா பிள்ளையின் காலைப் பிடித்துத் தடவினார்கள். "பால்ல வந்தது தங்கிப் பெருகும். எவ்வளவு, எத்தனை நாளுக்குன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இருக்கும் சார்" என்றார்கள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

உன் அம்மா போனபோது உன்னையும் இப்படித் தரச் சொல்லிக் கேட்டார்கள், உனக்கு அது தெரியாது. உன் பெரியம்மா, விருதுநகரில் தன் பிள்ளைகளோடு ஒரு பிள்ளையாக வளர்க்கிறேன் என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. அதில் பெரிய வைராக்கியம் ஒன்றும் இல்லை. டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீட்டில் நீயும் இல்லாமல் இருப்பதை என்னால் நினைக்க முடியவில்லை, அவ்வளவுதான். கருகின தோசையைத் தின்று இரண்டு பேரும் வாழ்ந்தோம். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வந்து எனக்கு வலித்ததும் உண்டு. அந்த வலி நின்றுவிட்டது என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். நீ இருந்ததால் அதைத் தாங்க முடிந்தது என்று மட்டும் சொல்வேன்.

சாந்தியிடம் நேற்றுப் பேசினேன். என் மகன் வந்து பார்க்காமல் நான் எந்தப் பதிலும் சொல்ல முடியாது என்றேன். அவள் கோபப்படவில்லை. "அவரு வந்து ஒரு தடவ நெஞ்சுல போட்டுப் பாக்கட்டும் மாமா. பொறவும் குடுக்கேன்னா நான் வந்து வாங்கிக்கிடுதேன். அதுவரைக்கும் இங்கனயே இருந்து பால் குடுக்கேன்" என்று சொல்லி, வீட்டுக்காரரை மட்டும் கோயம்புத்தூருக்கு அனுப்பி வைத்துவிட்டாள். அவளுக்கு நாம் என்ன செய்து தீர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ லீவு கேள். வந்து, மலர் சொன்னபடி செய். அதன் பிறகும் உனக்கு முடியவில்லை என்றால், பிள்ளையின் துணிமணியை நானே மடித்துச் சாந்தி கையில் கொடுக்கிறேன். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. ஆனால் பார்க்காமல் கொடுக்காதே.

இன்னொன்றும் இருக்கிறது. இன்று காலையில் சாந்தி குளிப்பாட்டிக் கொடுக்க, நான் துண்டில் வாங்கித் துவட்டிக்கொண்டிருந்தேன். என் மீசை பிள்ளையின் வயிற்றில் பட்டிருக்க வேண்டும். சத்தம் போட்டுச் சிரித்தாள். முதல் தடவையாக, வாய்விட்டு. சாந்தி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இப்படி ஒன்று நடந்தால் வீட்டில் யாரை முதலில் கூப்பிட்டுச் சொல்வோமோ, அவள் இல்லை. அதனால் உன்னிடம் சொல்கிறேன். உன் மகள் இன்றைக்குச் சிரித்தாள்.

அப்பா